கிளினிக் வாங்கில் மூன்று பேர்

கேள்வி:

எனக்கு 34 வயது. வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முதல் வலது கண் மங்கியது. சில மாதத்தில் இடது கால் விறைத்தது. ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு எம்.எஸ். என்றார்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற மூளை, முண்ணாண் வருத்தம். இப்போது ஊசி போடுகிறேன், வேலைக்கும் போய் வருகிறேன். கணவரையும் அம்மாவையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. தங்கைக்குக் கலியாணம் பேசி வருகிறோம், அதனால் வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

கிளினிக்கில் இதே வருத்தம் உள்ள இரண்டு பேரைக் கண்டேன். ஒருவர் வடமராட்சி அக்கா, ஐம்பது வயதிருக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவர். மற்றது வளாகத்தில் படிக்கிற 22 வயதுப் பிள்ளை. பிள்ளை இரவில் போன் எடுத்து அழுகிறாள். அக்கா, "மூண்டு பேரும் மாதத்தில ஒருக்கா இருந்து கதைப்பமே?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒன்றரை மாதமாகிவிட்டது, இன்னும் பதில் சொல்லவில்லை. அவரின் நாற்காலியைப் பார்த்த நாளில் எனக்கு இரவு நித்திரை வருவதில்லை. என்னையே தூக்க ஏலாத நான் மற்றவர்களை எப்படித் தூக்குவது? இவர்களோடு சேர்ந்தால் என் மனம் இன்னும் உடைந்துவிடுமோ?

– சுன்னாகத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சந்தியுங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். ஆனால் அந்த நாற்காலி கண்ணுக்கு முன்னால் நிற்கும் வரைக்கும் இந்தப் பதிலால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. அதனால் முதலில் நாற்காலியைப் பற்றியே கதைப்போம்.

இயன்மருத்துவராக 20 வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டேன். எம்.எஸ். என்று பெயர் சொல்லப்பட்ட பெண்கள் முதன்முதல் பயிற்சிக்கு வரும்போது, கதவடியில் நிற்கும் சக்கர நாற்காலியைக் கண்டு அப்படியே நின்றுவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒருவர் அன்று பயிற்சி செய்யாமலே திரும்பிப் போனார். உங்களுக்கு நித்திரை வராததற்காக உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். அந்த அக்காவின் உடம்பில் உங்கள் நாளையைத் தேடுகிறீர்கள், அவ்வளவுதான். கணக்குப் பிழைப்பது அந்த இடத்தில்தான்.

எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ 85 வீதமானோருக்கு அது வந்து வந்து தணியும் வகையாகத்தான் தொடங்குகிறது. மிகுதிப் பேருக்குத் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல ஏறும். ஒருவருக்குக் கண்ணோடு நிற்கும், ஒருவருக்குக் காலைப் பிடிக்கும், இன்னொருவருக்கு வெளியில் ஒன்றுமே தெரியாமல் களைப்பு மட்டும் தின்னும். அதோடு காலத்தையும் பாருங்கள். இந்த வருத்தத்தின் போக்கையே மாற்றக்கூடிய முதல் மருந்தான இன்டர்பெரோன் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993 இல். அக்காவின் வயதைக் கணக்குப் பார்த்தால், அவருக்குக் கால் விறைக்கத் தொடங்கிய நாட்கள், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை போரால் மூடிக் கிடந்த நாட்களாக இருக்கலாம். பனடோலுக்கே தட்டுப்பாடு. ஒரு ஸ்கானுக்காகக் கப்பலேறித் திருகோணமலை போய், அங்கிருந்து கொழும்புக்குப் போன காலம் அது. எத்தனை வருடம் பெயர் தெரியாத வருத்தத்தோடு இருந்தீர்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இரண்டாவது குறி கண்டதும் மருந்து தொடங்கியவர். அவருடைய நேற்று உங்களுடைய நாளையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்களுக்கு நாற்காலி வரவே வராது என்று நான் சத்தியம் பண்ணவில்லை. அப்படிச் சத்தியம் பண்ணுகிற ஒருவரையும் நம்பவும் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் நாலைந்து வருடமாக நாற்காலி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். குசினியிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து குசினிக்கு. படலை தாண்டவில்லை. கடைசியில் நாற்காலி வாங்கிய வருடம் தேரன்று விடியற்காலையில் மகன் அவரை நல்லூருக்குத் தள்ளிக்கொண்டு போனான். அடுத்த கிழமை என்னிடம் வந்து, "அஞ்சு வருசத்துக்குப் பிறகு முருகனை வீதியில கண்டனான் மிஸ்" என்று சொன்னபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வடமராட்சி அக்காவும் அந்த நாற்காலியில் ஏறித்தான் அங்கிருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் வருகிறார், கிளினிக்கில் முகம் தெரியாத இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கதைக்கிறார்.

கணவர் இருக்கிறார், அம்மா இருக்கிறார், பிறகு ஏன் இவர்கள் என்றும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் இந்த வருத்தத்துக்குப் பேச்சுவழக்கில் பெயர் இல்லை. புத்தகத்தில் நீளமான தமிழ்ப் பெயர் இருக்கிறது, அதை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. 1868 இல் பாரிஸில் ஷார்கோ என்ற வைத்தியர், இறந்தவர்களின் மூளையிலும் முண்ணாணிலும் தான் கண்ட தடித்த தழும்புகளைப் பார்த்துத்தான் இதற்குப் பெயர் வைத்தார். நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி, அங்கங்கே தழும்பாக்கி விடுகிறது. நாங்களோ 'நரம்பு வருத்தம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் வலிப்பும் பாரிசவாதமும் மனநோயும் கிடக்கின்றன, மதிலில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களின் 'நரம்புத் தளர்ச்சி'யும் கிடக்கிறது. உங்கள் அம்மா அந்தச் சொல்லுக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். கலியாணம் பேசுகிற வீட்டில் அந்தச் சொல் காதில் விழுந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பெயரே இல்லாத வருத்தத்தின் குறிகளை எப்படிச் சொல்வது? நெஞ்சைச் சுற்றி யாரோ ஈரச் சேலையை முறுக்கிக் கட்டியது போல ஒரு இறுக்கம். தலை குனிந்தால் முதுகால் இறங்கி ஓடும் மின்சாரம். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மற்றக் கண்ணுக்கு வெளிறியும் தெரிகிற அதே குங்குமப் பொட்டு. சலம் வருகிறது என்று உணர்ந்த கணத்திலேயே அடக்க ஏலாமல் போவது. இவற்றைக் கணவரிடம் சொன்னால் பயந்துபோய் உடனே டொக்டரிடம் போவோம் என்பார். அம்மாவிடம் சொன்னால் கண்ணூறு கழிப்பார். அந்த அக்காவிடம் சொன்னால் "எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவரிடம் போகச் சொல்கிறேன்.

களைப்பும் அப்படித்தான். எம்.எஸ். உள்ளவர்களில் ஐந்தில் நாலு பேரளவில் இந்தக் களைப்பைப் படுகிறார்கள். நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாத களைப்பு. இடியப்ப உரலை அழுத்தக் கை வராத காலை. மத்தியானம் திருத்தக் கொப்பிக்கட்டு கிடக்க, பேனையைத் தூக்க ஏலாமல் ஆசிரியர் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணித்தியாலம். காலும் கையும் நேராகத்தானே இருக்கின்றன, ஆள் வடிவாகத்தானே இருக்கிறாள் என்று பார்க்கிற சனம் அதற்குப் பஞ்சி என்று பெயர் வைக்கும். கொஞ்ச நாளில் நீங்களே அதை நம்பத் தொடங்கிவிடுவீர்கள். அது பஞ்சி இல்லை என்று நான் சொன்னால் அது வைத்தியசாலைக் கதை. அந்த 22 வயதுப் பிள்ளை, "எனக்கும் பத்து மணிக்கே பற்றரி இறங்கிவிடும் அக்கா" என்று சொன்னால், நீங்கள் உங்களையே திட்டுவதை விடுவீர்கள். எத்தனையோ பெண்களிடம் இதைக் கண்டிருக்கிறேன்.

இந்த வருத்தம் ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடையில். படிப்பு, வேலை, கலியாணம், பிள்ளைப்பேறு எல்லாம் வந்து குவிகிற அதே வருடங்கள். பெண் பெண்ணிடம் மட்டுமே கேட்கிற கேள்விகள் இதில் அதிகம். மாதச் சுகயீனத்துக்கு முந்திய நாட்களில் கால் கூடப் பாரமாவது. கணவரோடு இருக்கும்போது உடம்பு உணர்ச்சியற்றுப் போவது. இவற்றை வெள்ளைச் சட்டை போட்ட ஆணிடம், திரைக்கு அப்பால் பத்துப் பேர் நிற்கும் கிளினிக்கில், எத்தனை பேர் கேட்கிறார்கள்?

அந்தப் பிள்ளை இரவில் அழுவதில் பாதி, "நான் கலியாணம் கட்டலாமோ, பிள்ளை பெறலாமோ" என்பதாகத்தான் இருக்கும். உங்களுக்கு மகள் இருக்கிறாள், நீங்கள் பதில் சொல்லக்கூடியவர், அதனால் சரியான பதிலைத் தெரிந்து வையுங்கள். ஒரு காலத்தில் எம்.எஸ். உள்ள பெண்கள் பிள்ளை பெறக்கூடாது என்று வைத்தியர்களே சொன்னார்கள். 1998 இல் ஐரோப்பாவில் 254 பெண்களைப் பின்தொடர்ந்து வெளியான ஆய்வு அந்தப் பயத்தைக் குறைத்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வருத்தம் கிளம்புவது நன்றாகக் குறைகிறது. பிள்ளை பிறந்து முதல் மூன்று மாதங்களில் கூடுகிறது. நீண்டகாலத்தில் பிள்ளைப்பேற்றால் உடம்பு மோசமாவதில்லை. ஆனால் சில மருந்துகள் கருவுக்குக் கூடாது. டெரிஃப்ளுனோமைட், ஃபிங்கோலிமொட் போன்றவற்றை எடுப்பவர்கள் கர்ப்பம் தரிப்பதற்கு மாதக்கணக்கில் முன்னரே நரம்பியல் நிபுணரோடு கதைக்க வேண்டும். பிள்ளை பிறந்த அந்த முதல் மூன்று மாதத்தில்தான் எங்கள் வீடுகளில் தாய்க்குக் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் வார்ப்பதும், யன்னலைச் சாத்தி வைப்பதும் நடக்கும். அம்மம்மாவின் அன்பு அது. எம்.எஸ். உள்ள உடம்புக்கு அந்தச் சூடு ஒத்துவராது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல, அதே வருத்தத்தோடு பிள்ளை வளர்க்கிற இன்னொரு தாய் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு உதவி!

தங்கை விடயத்தில் அம்மாவுக்குச் சொல்ல ஒரு தகவல். இது தொற்றாது. உடன்பிறந்தவருக்கு வருகிற வாய்ப்பு மேல்நாட்டுக் கணக்குப்படி நூற்றுக்கு இரண்டு மூன்று பேரளவில், மகளுக்கும் ஏறத்தாழ அப்படியே. நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு வராது. வெளியில் சொல்வதும் விடுவதும் உங்கள் உரிமை. அக்காவைச் சந்திப்பதற்காக ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை. கீழ்த்தளத்தில் வகுப்புத் தந்தால் நல்லது என்று அதிபரிடம் மட்டும் சொல்லி வைக்கலாமா என்று யோசியுங்கள், அதுவும் நீங்கள் ஆயத்தமானால்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் பிடித்து வைத்திருந்த வரி. 'என்னையே தூக்க ஏலாத நான் மற்றவர்களை எப்படித் தூக்குவது?'

அமெரிக்காவில் 1999 இல் ஒரு ஆய்வு வெளியானது. எம்.எஸ். உள்ள ஐந்து பேருக்குக் காது கொடுத்துக் கேட்பதற்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, எம்.எஸ். உள்ள வேறு பலருக்கு மாதம் ஒருதடவை 15 நிமிடம் போன் எடுக்க விட்டார்கள். ஒரு வருடம் நடந்தது. அழைப்பு வந்தவர்களுக்கு எவ்வளவு நன்மை என்று அளக்கத்தான் தொடங்கினார்கள். அழைத்தவர்கள், அந்த ஐந்து பேர், அவர்களை விடக் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, தங்கள் மேல் நம்பிக்கை வந்தது, தங்கள் வருத்தத்தைத் தள்ளி நின்று பார்க்கப் பழகினார்கள். ஐந்து பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் என் கண்ணால் கண்டதும் அதற்கு ஒத்துத்தான் போகிறது.

சீட்டுப் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். முதல் மாதமே தேவைக்குச் சீட்டை எடுத்தவள் பிறகு எல்லா மாதமும் கட்டுகிறாள், கடைசியில் எடுப்பவள் அதுவரை கட்டிக்கொண்டே வருகிறாள். யாரும் யாருக்கும் தர்மம் செய்வதில்லை. இப்போது பிள்ளையின் முறை, அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் கண் திரும்ப மங்கும் மாதம் உங்கள் முறை. அக்கா இவ்வளவு காலமும் தனியே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்திப்போமா என்று அவர் கேட்டதை, உங்களுக்கு உதவி செய்ய வருவதாக மட்டும் எடுத்துவிட்டீர்களோ? அவருக்கும் உங்களிடம் தேவை இருந்திருக்கலாம்.

பெரிய அமைப்புகளும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. 1945 இல் நியூயோர்க்கில் சில்வியா லோரி என்ற பெண், எம்.எஸ். வந்த தன் சகோதரனுக்காக, இந்த வருத்தத்திலிருந்து தேறியவர்கள் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் போட்டார். தேறியவர்கள் எழுதவில்லை. தங்களுக்கும் இதே வருத்தம், உங்களுக்குப் பதில் கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று மற்ற நோயாளர்களும் வீட்டுக்காரர்களும் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைச் சேர்த்து அடுத்த வருடமே அவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார், 1967 இல் அது உலக அளவிலான கூட்டமைப்பாக விரிந்தது. உங்கள் மூன்று பேரைச் சங்கம் வைக்கச் சொல்லவில்லை. கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுட ஊர்ப் பெண்கள் கூடும்போது தலைவி, செயலாளர் என்று யார் போடுகிறார்கள்?

ஒருவருக்கொருவர் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பிள்ளை திருநெல்வேலிச் சந்தையடியிலிருந்து வளாகம் வரை காண்டாவன வெயிலில் நடந்து போகிறாள். போய்ச் சேர்ந்ததும் கால் இழுக்கிறது, கண் மங்குகிறது. வருத்தம் திரும்பிவிட்டது என்று நடுங்கிப்போய் உங்களுக்குப் போன் எடுக்கிறாள். நீங்கள் கேட்க வேண்டியது, "வெயிலுக்குள்ள நடந்தனியோ?" என்பது. உடம்புச் சூடு சிறிது ஏறினாலே, உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடுமாறும். உடலை வருத்தி நடந்த பின் பார்வை மங்கிப் பிறகு தெளிவதை ஊத்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890 இலேயே எழுதி வைத்திருக்கிறார். நிழலில் இருத்தி, கழுத்தில் ஈரத் துவாய் போட்டு, குளிர்ந்த தண்ணீர் குடிக்கச் செய்தால் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். புதிய நட்டம் எதுவும் நடக்கவில்லை. சமையலை விடியவே முடிப்பது, நல்லூருக்குக் காலைப் பூசையோடு போய்வருவது, வெயிலில் அடியழிக்கும் நேர்த்தியை வைக்காமல் விடுவது, இவையெல்லாம் அனுபவப்பட்டவர் சொன்னால் காதில் ஏறும்.

சூடோ காய்ச்சலோ இல்லாமல் ஒரு புதிய குறி 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால், அங்கே உங்கள் ஆலோசனை முடிகிறது. கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். சலக்கடுப்பையும் கேளுங்கள். சலக்கிருமி ஒன்றே காலை விழுத்தப் போதும். கழிப்பறை எட்டத்தில் என்று பாடசாலையில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? எம்.எஸ். உள்ள ஆசிரியைகள் பலரும் செய்கிற பிழை இது. தண்ணீர் குறையச் சலக்கிருமி வரும், கிருமி வரக் கால் விழும். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போக நேர்ந்தால் இரண்டு பேராகப் போங்கள், நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒருவர் இருப்பார்.

மருந்தைக் கைமாற்ற வேண்டாம். இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். எம்.எஸ். போலவே கண்ணையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஒப்டிக்கா என்று இன்னொரு வருத்தம் இருக்கிறது. அதை இரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் பிறபொருளெதிரியைக் கண்டுபிடித்ததே 2004 இல்தான். எம்.எஸ். மருந்துகளில் சில அந்த வருத்தத்தைக் கூட்டிவிடும். மூன்று பேர் ஒரே வாங்கில் இருந்தாலும் மூன்று பேருக்கும் உள்ளே நடப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய குளிசையும், பார்மசியில் சொந்தமாக வாங்கிய ஸ்டீரொய்டும் உங்கள் வட்டத்துக்குள் வரக் கூடாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கிறவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லட்டும். எந்த மருந்து எங்கே இருக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற தகவலை மட்டும் தாராளமாகப் பகிருங்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது தனியாக இருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். 2023 இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கான மூன்று மருந்துகளைத் தன் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைச் சொல்லி மூன்று பேராகப் போய்க் கேட்டால், கேட்பதற்கு ஒரு பலம் வரும்.

பிள்ளையின் இரவு அழைப்புகள் பற்றி. எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப் பேரளவில் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். கவலையால் மட்டும் வருவதல்ல அது, மூளையில் விழும் தழும்பும் காரணமாகலாம், ஸ்டீரொய்ட் போட்ட நாட்களிலும் மனம் தளம்பும். அவள் அழட்டும், நீங்கள் கேளுங்கள். "எனக்கும் அப்பிடித்தான்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். முதல் தடவை அது ஆறுதல், மூன்றாம் தடவை அவளின் வாயை மூடிவிடும். ஆனால் இருக்க விருப்பமில்லை என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டாம். அவளை நம்பிக்கையான ஒருவரோடு மனநல கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். உங்களுக்கும் நித்திரை வேண்டும். இரவு ஒன்பதுக்குப் பிறகு குரற்பதிவு அனுப்பு, விடிய எழும்பிக் கேட்டுப் பதில் போடுவேன் என்று அவளிடம் அன்பாகச் சொல்லுங்கள். குரற்பதிவு எங்கள் ஆட்களுக்கு மிகவும் உகந்தது. கண் மங்கினாலும் விரல் விறைத்தாலும் படுத்தபடி கதைக்கலாம்.

எங்கே சந்திப்பது? வேறெங்கும் போக வேண்டாம். நீங்கள் மூவரும் எப்படியும் கிளினிக்குக்கு வருகிறீர்கள், எப்படியும் இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருக்கிறீர்கள். ஒரே நாளில் திகதி போட்டுத் தரச் சொல்லித் தாதியிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்த வாங்கு உங்களுடையது. வீட்டில் காரணம் சொல்லத் தேவையில்லை, அம்மாவின் கட்டளையும் மீறப்படாது. அங்கே கதைப்பது அங்கேயே நிற்கட்டும் என்ற ஒரு சொல்லை மட்டும் மூவரும் கொடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் சின்ன ஊர். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் வட்டத்திலிருக்கும் இன்னொருவரின் இலக்கத்தைப் போனில் 'தையல் அக்கா' என்று பதிந்து வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பதில் சொல்லாமல் விட்ட ஒன்றரை மாதத்துக்காக மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம், அவருக்கு அது விளங்கியிருக்கும். இன்றைக்குப் பின்னேரம் கொஞ்சம் வெயில் தணிந்த பிறகு அவருக்கு ஒரு குரற்பதிவு போடுங்கள். "அக்கா, உங்களுக்கு அடுத்த கிளினிக் எத்தனையாம் திகதி போட்டிருக்கினம்?" என்று கேட்டால் போதும்.